உங்களுக்குத் தெரியுமா? ஏற்காட்டு மலையின் மஞ்சக்குட்டைக்கு வண்டி ஏறுங்கள்!

சேலத்தில் பஸ் ஏறி ஏற்காட்டில் இறங்குகிறீர்கள். எவ்வளவு உயரம் ஏறியிருப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்! சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர். ஏற்காடு 1,515 மீட்டர். இடையில் 1,237 மீட்டர்! துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர்தான். அதைப் போல ஒன்றரை மடங்கு உயரம், ஒரே ஒரு பஸ் டிக்கெட்டில்!

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர். அப்படி 18 விமானங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குங்கள். அப்போதும் ஏற்காடு எட்டாது. இன்னும் 49 மீட்டர் பாக்கி!

புர்ஜ் கலீஃபாவின் லிஃப்ட் நொடிக்கு 10 மீட்டர் ஏறும். அப்படி ஒரு லிஃப்டைச் சேலத்தில் நட்டால் ஏற்காடு எத்தனை நிமிடம்? இரண்டு நிமிடம், நான்கு நொடி! நம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் லிஃப்டில் ஜன்னல் சீட் கிடையாதே!

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை? சரியாக 20! போய்த் திரும்பினால் 40! ஒரு வழிக்கு முப்பது கிலோமீட்டர்கூட வராத பயணம் இது.

பக்கத்து மலைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் 70 வளைவுகள்! ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40! ஊட்டி கல்லட்டிப் பாதையில் 36! நான்கு மலைகளையும் ஒரே கோடை விடுமுறையில் ஏறிவிட்டால் உங்கள் கணக்கில் 166 கொண்டை ஊசிகள். இறங்கும்போது திரும்புவது தனி!

அதற்கே மலைத்துவிடாதீர்கள். தாய்லாந்தில் மே ஹாங் சோன் என்று ஒரு மலை வட்டாரம். சியாங் மாயில் புறப்பட்டு அதைச் சுற்றிவரும் பாதையில் வளைவுகள் எத்தனை தெரியுமா? 1,864! கடந்து வந்த பயணிகளுக்குச் சான்றிதழே தருகிறார்கள்!

இலங்கையில் கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் சாலைக்குப் பேரே பதினெட்டு வளைவுப் பாதை. அகலப்படுத்தியபோது ஒரு வளைவு காணாமல் போனது. இப்போது இருப்பது 17. ஆனால் ஊர்வாய் இன்னும் பதினெட்டு என்றுதான் சொல்கிறது!

இது நானே கணக்குப் போட்டுப் பார்த்து அசந்துபோன விஷயம். ஆட்களோடு 15 டன் எடையுள்ள ஒரு பஸ்ஸைச் சேலத்திலிருந்து ஏற்காட்டு உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? மின்சாரக் கணக்கில் 50 யூனிட்! தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் சரிபாதியை ஒரே ஒரு பஸ் ஒரே ஒரு ஏற்றத்தில் விழுங்குகிறது!

உங்களை மட்டும் தூக்க? 60 கிலோ எடை என்றால் வெறும் 0.2 யூனிட். ஒரு சீலிங் ஃபேன் சில மணி நேரம் ஓடும் செலவு!

இறங்கும்போது அந்த 50 யூனிட் எங்கே போகிறது? அத்தனையும் வெப்பம்! டிரைவர் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் முழு வெப்பமும் பிரேக்கில்தான் ஏறும். அதனால்தான் தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினையே கடிவாளமாக்கி இறக்குகிறார்கள். அடுத்த முறை அந்த உறுமலைக் கவனித்துக் கேளுங்கள்!

மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறீர்களா? இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றும் மாடல்கள் உண்டு. மலை இறங்கினால் மின்சாரம் கிடைக்கும்!

அடுத்தது ரயில். இதைக் கேட்காமல் போகாதீர்கள்!

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு 11 மணி வாக்கில் கிளம்புகிறது ஏற்காடு எக்ஸ்பிரஸ். வண்டி எண் 22649. எங்கே போகிறது? ஈரோட்டுக்கு! ஏற்காட்டில் ரயில் நிலையமே கிடையாது. மலையின் பேரைச் சுமந்துகொண்டு மலையடிவாரத்துச் சேலத்தைத் தொட்டுவிட்டு ஓடிவிடும்!

அந்த ரயிலை நிஜமாகவே மலையேற்ற முடியுமா? சாதாரண அகலப் பாதையில் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,237 மீட்டர் ஏற 120 கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் வேண்டும்! மலையைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். ரப்பர் டயர் அதை 30 கிலோமீட்டருக்குள் முடித்துவிடுகிறது!

ஊட்டி மலை ரயிலை நடத்துவது எந்த ரயில்வே கோட்டம்? கோயம்புத்தூரா? பாலக்காடா? இல்லை, சேலம்! 2007 நவம்பரில் பிறந்த சேலம் கோட்டத்தின் கையில்தான் நீலகிரி மலை ரயில் இருக்கிறது. பக்கத்து மலையில் ஓர் அடி தண்டவாளம் இல்லாத சேலத்துக்கு, யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக 2005-ல் ஏற்றுக்கொண்ட மலை ரயில்!

அந்த ரயிலுக்கு 46 கிலோமீட்டர் பாதை. 208 வளைவுகள். 16 குகைகள். 250 பாலங்கள். ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்தைத் தொடும். இறங்க மூன்றரை மணி நேரம் போதும். ஏறுவதைவிட இறங்குவது ஒரு மணி நேரத்துக்கு மேல் சீக்கிரம்!

அதன் ஏற்றம் 12 அடிக்கு 1 அடி! தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை வைத்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. இந்தியாவின் மிகச் செங்குத்தான ரயில் பாதை நம் தமிழ்நாட்டில்!

இந்த எஞ்சின்களில் பல எங்கிருந்து வந்தன? சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்து! அதே நகரத்துத் தொழிற்சாலையின் எஞ்சின்கள் இன்னொரு மலையிலும் ஏறின. வியட்நாமின் தா லாத்!

தா லாத் பல்சக்கர ரயில் 84 கிலோமீட்டர் நீளம். 1932-ல் கட்டி முடித்தார்கள். போர்க் காலத்தில் நின்றே போயிற்று. துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களை 1990-ல் வாங்கிக்கொண்டு போனது யார்? சுவிட்சர்லாந்துக்காரர்களே! பிறந்த வீட்டுக்கே திரும்பின எஞ்சின்கள்! தா லாத்தில் இன்று சுற்றுலாவுக்கென ஓடுவது வெறும் 7 கிலோமீட்டர். நம் நீலகிரியோ இன்றும் முழுப் பாதையிலும் ஓடுகிறது. திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதற்குப் புது நீராவி எஞ்சினே செய்துவிட்டார்கள்! பெருமைப்படுங்கள்!

தா லாத்தின் உயரம்? சுமார் 1,500 மீட்டர். ஏற்காட்டுக்குச் சமம்! பிலிப்பைன்ஸின் பாகியோவும் ஏறக்குறைய அதே 1,500! மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தா 1,440! நான்கு நாடுகள், நான்கு மலையூர்கள், ஒரே குளிர்!

கேமரன் மலையில் இறங்கி வழி கேட்கத் தமிழே போதும் பல இடங்களில். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள். அங்கே ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஆண்டு 1929!

பினாங்கு மலைக்கு 1923-லேயே கம்பியால் இழுக்கும் ரயில் வந்துவிட்டது. முன்பு ஏற அரை மணி நேரம், நடுவில் பெட்டி மாற வேண்டும். 2011-ல் புதுப்பித்தார்கள். இப்போது பத்தே நிமிடத்துக்குள் உச்சி! உச்சியில் உங்களை வரவேற்கக் காத்திருப்பது யார் தெரியுமா? முருகன் கோயில்!

லாவோஸ் நாட்டில் 2021 டிசம்பர் வரை இருந்த ரயில் பாதை மொத்தம் எவ்வளவு? மூன்றரை கிலோமீட்டர்! ஒரே நாளில் அது 400 கிலோமீட்டரைத் தாண்டியது. சீன எல்லையிலிருந்து தலைநகர் வியன்டியன் வரை, மலைகளைத் துளைத்துக்கொண்டு 75 குகைகள்!

மறுபடி நம் மலைக்கு வாருங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் முதலில் ஏறியது காரா, காபியா? காபி! சேலம் கலெக்டராக 1820 முதல் 1829 வரை இருந்த காக்பர்ன் காலத்திலேயே காபிச் செடி இங்கே வேர்விட்டுவிட்டது. உலகின் முதல் மோட்டார் காருக்கு ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை கேட்டது 1886-ல். காபிக்கும் காருக்கும் நடுவே ஏறக்குறைய 60 ஆண்டுகள்!

ரயிலையும் முந்திவிட்டது அந்தக் காபி. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853. சென்னை ராயபுரத்தில் 1856. சேலத்துக்கு ரயில் வந்தது 1861! அப்போது ஏற்காட்டுக் கிரேஞ்ச் எஸ்டேட் காபிக்கு முப்பது வயதுக்கு மேல்!

அன்று ரயில் வர 1861 ஆயிற்று. இன்று? சென்னை சென்ட்ரலிலிருந்து சேலம் 334 கிலோமீட்டர். வந்தே பாரத் அதைச் சுமார் மூன்றரை மணி நேரத்தில் தின்றுவிடுகிறது! 2023 ஏப்ரல் 8 முதல் ஓடும் சென்னை – கோவை வண்டி இது.

விமானத்தில் வரலாமா? தாராளமாக! ஓமலூர் பக்கத்துக் கமலாபுரத்தில் 1993-லேயே விமான நிலையம் திறந்தாயிற்று. அதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். விமானங்கள் வரும், சில ஆண்டு பறக்கும், நின்றுவிடும். 2018 மார்ச் 25-ல் உடான் திட்டத்தில் மீண்டும் பறந்தன. 2021-ல் நின்றன. 2023 அக்டோபர் 16-ல் மறுபடியும்! முப்பது ஆண்டுகளில் இத்தனை மறுபிறப்பு எடுத்த விமான நிலையத்தை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை எது? 44-ம் எண். காஷ்மீரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. அது எந்த ஊரைத் தொட்டுச் செல்கிறது? சேலத்தை! ஸ்ரீநகரிலிருந்து ஒருவர் ஒரே சாலையைப் பிடித்துக்கொண்டு நேராக வந்தால், ஏற்காட்டுக்குத் திரும்ப வேண்டிய ஊர்வரை எண் மாறவே மாறாது!

நீங்கள் ஏறும் பஸ் எங்கே பிறந்தது? தென்னிந்தியாவில் ஏராளமான பஸ்களுக்குக் கூடு கட்டுவது கரூர்! லாரி? சங்ககிரியும் நாமக்கல்லும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி? திருச்செங்கோடு! காஷ்மீரில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் ரிக் வண்டியில் திருச்செங்கோட்டுக்காரர் நிற்பார். இந்த மூன்று தொழிலும் சேலத்தைச் சுற்றி ஒரு மணி, இரண்டு மணி நேரத் தூரத்தில்தான். மலையின் நிழலில் வண்டிகளின் தலைநகரம்!

ஏற்காட்டுச் சாலையில் ஏறியதும் வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்துக்கொண்டே வாருங்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு ஒன்று நிற்கும். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ. தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் இங்கிருந்துதான் வந்தது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமும் இவர்களுடையதே! பஸ் ஜன்னலிலேயே சினிமா சரித்திரம்!

அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. அதைத் தாண்டினால் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் மலை!

வளைவுகளுக்கு எண் உண்டு. பாலங்களுக்கு? 40 அடி பாலம், 60 அடி பாலம் என்று அளவே முகவரி! எங்கே இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் அறுபது அடியில் என்றால் போதும், சேலத்துக்காரருக்குப் புரிந்துவிடும். நல்ல மழை பெய்த மறுநாள் அந்தப் பாலங்களின் ஓரம் திடீர் அருவிகள் கொட்டும். டிக்கெட் இல்லாத அருவி!

காது அடைக்கிறதா? காற்றழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். ஏற்காட்டில் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவு! எச்சில் விழுங்குங்கள். பட்டென்று திறக்கும்!

பையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சேலத்தில் சப்பையாக இருந்தது ஏற்காட்டில் உருண்டு நிற்கும்! யாரும் ஊதவில்லை.

ஏற்காட்டில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்! மேலே இருக்கும் டீக்கடையில் தளதளவென்று கொதிப்பது, கடலோர வீட்டுக் கொதிநீரைவிட ஐந்து டிகிரி குளுமையான தண்ணீர்!

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். சேலத்திலிருந்து ஏற்காடு வரை கணக்குப் போடுங்கள். எட்டு டிகிரி! மின்விசிறி, ஏ.சி. எதுவும் இல்லாமல் ஒரு மணி நேர பஸ்ஸில் எட்டு டிகிரி!

வண்டிக்கும் மூச்சு வாங்கும், தெரியுமா? டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீத பலத்தை இழந்துவிடும். காற்றே மெலிவு. அதனால் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள்!

வளைவில் குமட்டல் வருகிறதா? கண் ஒன்று சொல்கிறது, உள்காது வேறொன்று சொல்கிறது. மூளை குழம்புகிறது. டிரைவருக்கு மட்டும் ஏன் வருவதில்லை? அடுத்து வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கு முன்பே தெரியும்! முன் சீட்டில் உட்காருங்கள். சாலையையே பாருங்கள். போனை உள்ளே வையுங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகும் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்களே!

மலையில் எதிரெதிரே இரண்டு வண்டி. இடம் ஒருவருக்கு மட்டும். யார் ஒதுங்க வேண்டும்? இறங்குகிறவர்! ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. 2017-ன் வாகன ஓட்டுதல் விதிகளிலேயே இருக்கிறது!

கம்போடியாவின் பட்டாம்பாங்கில் மூங்கில் ரயில் ஒன்று ஓடும். ஒரே தண்டவாளம். எதிரே இன்னொன்று வந்தால்? சுமை குறைந்த வண்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள்! கழற்ற ஒரு நிமிடம், பூட்ட ஒரு நிமிடம்!

ஏற்காட்டுப் பாதையில் உங்களுக்கு வழிவிடவே விடாத ஒருவர் உண்டு. காட்டெருமை! எடை ஒரு டன் வரை போகும். ஒரு சின்ன மாருதி காரின் எடை முக்கால் டன்தான். யார் ஒதுங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை!

ஏற்காட்டுக்கு ஒரே வழிதான் என்று நினைத்தீர்களா? இரண்டாவது வழி குப்பனூர்! கோடை விழாக் கூட்டத்தில் அடிவாரம் வழியாக மேலே ஏற்றி, குப்பனூர் வழியாகக் கீழே இறக்கிவிடுவார்கள். மலையே ஒரு ரவுண்டானா ஆகிவிடும்!

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்தது. பிரதான மலைப்பாதையில் மண் சரிந்து பாறை உருண்டது. வண்டிகள் நின்றன. எந்தப் பாதையையும் மழைக்காலத்தில் விசாரிக்காமல் பிடிக்காதீர்கள். இரண்டாவது பாதை ஏன் வேண்டும் என்று அன்று மலைமக்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்!

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு. அந்த உத்தரவில் ஏற்காட்டின் பெயர் இல்லை!

மேலே வந்தாயிற்று. ஏரியருகே ஒண்டிக்கடை ரவுண்டானா. இங்கே ஒரு சாலையைப் பிடித்தால் 32 கிலோமீட்டர் சுற்றி, காபித் தோட்டங்களுக்குள் புகுந்து, கிளம்பிய ஏரிக்கே வந்து சேரும். சேலத்திலிருந்து மலையேறிய தூரத்தைவிட மலை மேல் சுற்றும் தூரம் அதிகம்!

ஏற்காட்டைச் சுற்றி மலைக்கிராமங்கள் எத்தனை? 67! கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை எல்லோரும் சொல்லும் எண் இது. ஏரியும் பூங்காவும் பார்த்துவிட்டு ஏற்காடு பார்த்தேன் என்கிறவர் 67-ஐயும் விட்டுவிட்டார்!

அந்த வரிசையில்தான் மஞ்சக்குட்டை. தனி ஊராட்சி. ஒரே தெருவில் அடங்கிய ஊர் இல்லை, சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். அரசு பஸ்ஸின் நேரத்தைக் கடிகாரமாக வைத்து வாழ்கிற ஊர்கள் இவை. பஸ்ஸைத் தவறவிட்டால்? ஜீப். ஜீப்பும் போய்விட்டால்? ஆட்டோ. அதுவும் இல்லையென்றால் நடை. நாம் சுற்றுலா என்று போகும் அதே பாதை, இவர்களுக்குப் பள்ளிக்கூடம், ரேஷன், ஆஸ்பத்திரி!

நவம்பரிலிருந்து ஜனவரி வரை அராபிகா காபிப்பழம் பறிக்கும் காலம். அப்போது ஜீப்பில் உங்களுக்கு முன்னால் சீட் பிடித்திருப்பது மூட்டைகள்!

ஜீப் என்றதும் ஒன்று. மகிந்திரா இந்தியாவில் ஜீப் பூட்டத் தொடங்கியது எந்த ஆண்டு? 1947! சுதந்திரமும் ஜீப்பும் ஒரே வயது!

அதே போர்க் கால ஜீப்பைப் பிலிப்பைன்ஸில் என்ன செய்தார்கள்? அமெரிக்க ராணுவம் விட்டுப்போனதை நீட்டி, கூரை போட்டு, சாயம் பூசி, ஜீப்னி ஆக்கிவிட்டார்கள். மணிலாவின் ஷேர் ஆட்டோ அதுதான்! தாய்லாந்தின் டுக்-டுக்கோ ஜப்பானின் டைஹட்சு மிட்ஜெட் வண்டியின் வாரிசு. அது பிறந்தது 1957!

இரண்டு பேர் உட்காரும் மொபெட்டை இந்தியாவுக்கு முதலில் தந்தது எந்த ஊர்? ஓசூர்! 1980-ல் டி.வி.எஸ். 50! இரண்டு மூட்டை, ஒரு குடம், ஒரு பிள்ளை. அத்தனையையும் ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் ஏறும் அதை ஒருமுறை பார்த்தவர் பெரிய பைக்குகளை மதிக்கமாட்டார்!

பெங்களூருவிலிருந்து ஏற்காடு சுமார் 230 கிலோமீட்டர். சனிக்கிழமை காலை வளைவுகளில் டுபுடுபு சத்தம் கேட்கிறதே, அந்த ராயல் என்ஃபீல்டு சென்னைத் திருவொற்றியூரில் 1955-ல் தடம் பதித்தது. இன்று தாய்லாந்திலும் பூட்டுகிறார்கள். மே ஹாங் சோனின் 1,864 வளைவுகளிலும் நம் ஊர்ச் சத்தம்!

மலையின் உச்சி எது? சேர்வராயன் கோயில். 1,623 மீட்டர்! கோயிலுக்குப் பக்கம்வரை வண்டி போகும். உள்ளே போக? குனிய வேண்டும்! குகைக்குள் இருக்கிறார்கள் சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் முழுக்கக் கிளம்பி வந்துவிடும்!

லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து, வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேட்டூர் அணை தெரியும். 1934-ல் கட்டி முடித்த அணையை, ஒரு லிட்டர் பெட்ரோல்கூடச் செலவில்லாமல் தொலைநோக்கியில் போய்ப் பார்க்கலாம்!

ஊட்டி ஏரி மனிதர் உண்டாக்கியது, 1824-ல். கொடைக்கானல் ஏரியும் அப்படியே, 1863-ல். ஏற்காடு ஏரி? இயற்கையே தந்தது! படகுத்துறை சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. மிதிக்கும் படகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் படகுப் பயணம்!

கிளியூர் அருவிக்கு எந்த வண்டியில் போகலாம்? கடைசிப் பகுதிக்கு எதிலும் முடியாது! கால்தான் வண்டி. அருவியின் உயரம் 300 அடி!

வண்டி போகாத ஊரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தருமபுரி மாவட்டக் கோட்டூர் மலைக்குத் தேர்தல்களின்போது வாக்குப்பதிவு இயந்திரம் எதில் போனது? கழுதையில்! நிலாவுக்குச் சந்திரயான் அனுப்பிய நாட்டில் ஜனநாயகத்தை முதுகில் சுமந்து ஏற்றிய கழுதைகளுக்கு என் வணக்கம்!

தாய்லாந்தின் தோய் சுதேப் மலைக்கோயிலுக்கும் ஒரு காலத்தில் சாலை இல்லை. ஏற மணிக்கணக்கில் நடக்க வேண்டும். 1934 நவம்பரில் குருபா ஸ்ரீவிசை என்ற பிக்கு கூப்பிட்டார். ஆயிரக்கணக்கான மக்கள் கூலி வாங்காமல் மண்வெட்டியோடு வந்தார்கள். எத்தனை நாளில் சாலை போட்டார்கள்? 1935 ஏப்ரலில் கார் ஏறிவிட்டது! ஆறே மாதத்துக்குள்!

சாலையே வேண்டாம், கம்பியில் தொங்கிப் போகலாம் என்கிறீர்களா? பழனிக்குப் போங்கள். 1966 முதல் விஞ்ச், 2004 முதல் ரோப் கார்!

வியட்நாமில் ஃபன்சிபான் கேபிள் கார் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அது ஒரே மூச்சில் ஏறும் உயரம் 1,410 மீட்டர். கின்னஸ் சாதனை! சேலம் – ஏற்காடு உயரத்தைவிட 173 மீட்டர்தான் அதிகம். ஆகும் நேரம் சுமார் 15 நிமிடம்! சேர்வராயனுக்கு அப்படி ஒன்று வந்தால் எப்படி இருக்கும்? எனக்கென்னவோ பஸ் ஜன்னல்தான் வேண்டும். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களைக் கை நீட்டும் தூரத்தில் பார்க்கக் கம்பியில் தொங்கினால் முடியுமா?

அந்தச் சில்வர் ஓக் எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியாவிலிருந்து! மலைக்கு நீண்ட பயணம் செய்து வந்திருக்கிறது ஒரு மரம்!

கடைசியாக, இறங்கும்போது நியூட்ரலில் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய இஞ்செக்‌ஷன் எஞ்சின்கள் நியூட்ரலில் ஓடினால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும். கியரில் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்குங்கள். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும், பெட்ரோல் அடைபட்டுவிடும். 20 கொண்டை ஊசிகளின் இறக்கத்தில், காலை எடுத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்!